ஒரே பக்கம் விலகிய கட்டடங்கள்: புதிய வரைபடத் தன்னார்வலருக்குப் பின்னூட்டம் தந்த ஒரு நிகழ்வு

இந்தப் பதிவு எதைப் பற்றியது

தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கும் இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் வீடுகளையும் பாதைகளையும் வரைய வந்த ஒரு புதிய தன்னார்வலருக்கு, சரிபார்ப்பவன் என்ற முறையில் நான் சொன்ன கருத்து ஒன்று தவறாகிப்போனது. அது தவறான விதத்தையும், பிறகு சரிசெய்த விதத்தையும் தொடக்கத்திலிருந்து இங்கே பதிவு செய்கிறேன். சம்பந்தப்பட்டவரிடம் இதன் வரைவைக் காட்டி அனுமதி பெற்றிருக்கிறேன். திட்டத்தின் பெயரும் இடமும் ஆட்களின் அடையாளமும் இல்லாமல் எழுதுவதுதான் நிபந்தனை. இரண்டாவது புதியவர் ஒருவரும் இதில் வருகிறார். அவரிடம் அனுமதி கேட்க வழியில்லாமல் போய்விட்டதால் அவரைப் பற்றித் தேவையான அளவுக்கு மட்டுமே சொல்கிறேன்.

பின்னணி

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் 2004இல் பிரிட்டனில் தொடங்கியது. யார் வேண்டுமானாலும் கணக்குத் தொடங்கி வரைபடத்தைத் திருத்தலாம். சேமித்த கையோடு அந்தத் திருத்தம் பொதுத் தரவுக்குள் போய்விடும். முன் ஒப்புதல் என்று ஒரு கட்டம் கிடையாது. ஆகவே சரிபார்ப்பவர் எப்போதும் வேலை முடிந்த பிறகுதான் வந்து சேர்கிறார். நான் சொல்லப்போகும் சிக்கலுக்கு இந்தத் தாமதம் பாதிக் காரணம்.

2010 ஜனவரியில் ஹைட்டியில் நிலநடுக்கம் ஏற்பட்டபோது, அந்த நாட்டுக்கே போயிராத ஏராளமானோர் செயற்கைக்கோள் படங்களைப் பார்த்துத் தெருக்களையும் கட்டடங்களையும் வரைந்து கொடுத்தார்கள். அந்த முயற்சியில் ஈடுபட்டவர்களைக் கொண்டு ஹ்யூமனிட்டேரியன் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் டீம் என்ற அமைப்பு அதே ஆண்டில் பதிவு செய்யப்பட்டது. பலர் ஒரே நேரத்தில் ஒரே இடத்தை வரைந்து மோதிக்கொள்ளாமல் இருக்க டாஸ்கிங் மேனேஜர் என்ற கருவி வந்தது. வரைய வேண்டிய பரப்பை அது சதுரக் கட்டங்களாகப் பிரிக்கிறது. ஒருவர் ஒரு கட்டத்தை எடுத்தால் மற்றவர்களுக்கு அது பூட்டிக்கொள்ளும். வரைந்து முடித்து அவர் விடுவித்த பின் இன்னொருவர் அதைப் பார்த்து, சரி என்று முத்திரையிடுவார். அல்லது இன்னும் வரைய வேண்டியிருக்கிறது என்று திருப்பிவிடுவார்.

எங்கள் திட்டம் சிறியது. வெள்ளம் வரக்கூடிய ஒரு கிராமப்புறப் பகுதியின் வீடுகளையும் நடைபாதைகளையும் வரைய வேண்டும். மழைக்காலத்துக்கு முன் முடிக்க வேண்டும். புதியவர்கள் பன்னிரண்டு பேர், சரிபார்ப்பவர்கள் மூன்று பேர். புதியவர்களுக்கு ஒரு மணி நேரம் காணொளி வழியாக அறிமுக வகுப்பு நடந்தது. உலாவியில் இயங்கும் ஐடி எடிட்டரைத் திறப்பது, கட்டடத்தின் மூலைகளைப் புள்ளியிட்டு வளைத்து மூடுவது, கட்டடம் என்ற குறிச்சொல்லை இடுவது, சேமிப்பது. அவ்வளவுதான்.

எனக்குப் பல ஆண்டுகளாக வரைந்த பழக்கம் உண்டு. யாருக்கும் எதையும் கற்றுக்கொடுத்த பழக்கம் இல்லை. இரண்டும் ஒன்று என்று அப்போது நினைத்திருந்தேன்.

முதல் வாரம்: சத்தமில்லாமல் திருத்தினேன்

முதல் வாரத்தில் கண்ட பிழைகள் எல்லாப் புதியவர்களிடமும் காணக்கூடியவை. செங்கோணமாக இருக்க வேண்டிய மூலைகள் கோணலாக இருந்தன. பாதைக்கு அருகில் வரைந்த கட்டடத்தின் ஒரு புள்ளி பாதையோடு ஒட்டிக்கொண்டிருந்தது; ஐடி எடிட்டரில் புள்ளி பக்கத்துக் கோட்டின் மீது தானாகத் தாவிக்கொள்ளும் என்பது பழகாதவர்களுக்குத் தெரியாது. சுவர் பகிர்ந்து நிற்கும் இரண்டு வீடுகள் ஒரே வீடாகியிருந்தன. ஆள் மட்டும் நடக்கக்கூடிய தடம் வண்டிப் பாதையாகக் குறிக்கப்பட்டிருந்தது.

இவற்றையெல்லாம் நானே திருத்திவிட்டுக் கட்டத்துக்குச் சரி முத்திரை போட்டேன். ஒரு கோணல் கட்டடத்தை நேராக்க ஒரு விசையழுத்தம் போதும். அதையே எழுதி விளக்க ஐந்து நிமிடம் ஆகும். மேலும் புதியவர்களைக் குறை சொல்லி மனம் நோகடிக்க வேண்டாம் என்ற எண்ணமும் இருந்தது. இது பெருந்தன்மை என்றுதான் நம்பினேன். ஆனால் மறுபக்கத்திலிருந்து பார்த்தால் நடந்தது வேறு: புதியவர் ஒரு கட்டத்தை முடிக்கிறார், அது பச்சையாகிறது, தான் செய்ததெல்லாம் சரி என்று எடுத்துக்கொள்கிறார், அடுத்த கட்டத்தில் அதையே செய்கிறார். அவர் வரைந்த கோணல் வீட்டை நான் நேராக்கியது அவருக்குத் தெரிய வேண்டுமென்றால், அவர் அந்த வீட்டைத் தேடிப்போய் அதன் பதிப்பு வரலாற்றைத் திறந்து பார்க்க வேண்டும். முதல் வாரத்தில் யார் அதைச் செய்வார்கள்?

இந்த நிகழ்வின் மையத்தில் இருப்பவர் ஒரு பெண். இனி அவரைப் புதியவர் என்றே குறிப்பிடுகிறேன். முதல் வாரத்தில் அவர் முடித்த கட்டங்களை நான்தான் சரிபார்த்தேன். கோணங்கள் சுத்தமாக இருந்தன. எந்த வீடும் விடுபடவில்லை. மரநிழலில் பாதி மறைந்த கொட்டகைகளைக்கூடக் கண்டுபிடித்து வரைந்திருந்தார். ஆனால் சில வீடுகள் இடம் பிசகியிருந்தன. கொஞ்சம் கவனக்குறைவு போலிருக்கிறது என்று எண்ணி ஒவ்வொன்றாக இழுத்து வைத்துவிட்டுப் போனேன். எல்லாவற்றையும் ஒரே திசையில்தான் இழுத்து வைக்கிறேன் என்பது என் கைக்குத் தெரிந்திருக்கும். எனக்கு உறைக்கவில்லை.

இரண்டாம் வாரம்: நான் எழுதிய மூன்று வரி

இரண்டாம் வாரம் அவர் ஆறு கட்டங்களை முடித்திருந்தார். ஏறக்குறைய நூற்றைம்பது கட்டடங்கள். கணினியில் நிறுவிப் பயன்படுத்தும் ஜோசம் எடிட்டரில் திறந்தேன். அத்தனையும் வடகிழக்குப் பக்கமாக நான்கு மீட்டர் அளவுக்கு விலகியிருந்தன. மற்றவர்கள் முன்பே வரைந்திருந்த பாதை, அவருடைய வீடுகளின் ஓரங்களை அறுத்துக்கொண்டு போனது.

செயற்கைக்கோள் படம் எப்போதும் நேர் செங்குத்தாக எடுக்கப்படுவதில்லை. கொஞ்சம் சாய்வாக எடுத்த படத்தில் உயரமான கட்டடத்தின் கூரை ஒரு பக்கம் தள்ளித் தெரியும். சுவரும் கண்ணில் படும். கூரையின் உருவத்தை வரைந்தாலும், அதைச் சுவர் தரையைத் தொடும் இடத்தில்தான் வைக்க வேண்டும் என்பது வழக்கம். புதியவர்கள் கூரை தெரியும் இடத்திலேயே விட்டுவிடுவார்கள். இதைப் பலமுறை பார்த்தவன் என்பதால் இதுவும் அதுதான் என்று ஒரே பார்வையில் முடிவு கட்டினேன். ஆறு கட்டங்களையும் திருப்பி அனுப்பிவிட்டு இப்படி எழுதினேன்:

“கட்டடங்கள் இடம் மாறியிருக்கின்றன. கூரையை அல்ல, அடித்தளத்தை வரையவும். வழிகாட்டியைப் படித்துவிட்டு மீண்டும் செய்யவும்.”

ஆறு கட்டங்களிலும் ஒரே வாசகத்தை ஒட்டினேன். அன்று மாலை இன்னொரு புதியவரின் முதல் கட்டத்துக்கும் ஒரு குறிப்பு எழுதினேன். அது இன்னும் சுருக்கம்: “மூலைகள் நேராக இல்லை. மீண்டும் செய்யவும்.”

முதல் குறிப்பில் உள்ள குற்றம் அதன் தொனி மட்டும் என்றால் இந்தப் பதிவை எழுதியிருக்க மாட்டேன். என் கணிப்பே தவறு. அது தவறு என்பதற்கான சாட்சியும் என் திரையிலேயே இருந்தது. அந்தப் பகுதியின் வீடுகள் பெரும்பாலும் ஒரே தளம் கொண்டவை. சுவரின் உயரம் மூன்று மீட்டர் இருக்கலாம். மூன்று மீட்டர் உயரமுள்ள கூரை நான்கு மீட்டர் தள்ளித் தெரிய வேண்டுமென்றால், செங்குத்திலிருந்து 45 பாகைக்கும் மேலாகச் சாய்த்துப் படம் எடுத்திருக்க வேண்டும். அப்படி எடுத்த படத்தில் வீடுகளைவிடச் சுவர்கள்தான் அதிகம் தெரியும். இன்னொன்று, சாய்வினால் வரும் விலகல் உயரத்துக்கு ஏற்றபடி கூடிக் குறையும். இரண்டு மாடிப் பள்ளிக்கூடம் அதிகம் நகர்ந்திருக்க வேண்டும், மாட்டுக் கொட்டகை கொஞ்சமாக நகர்ந்திருக்க வேண்டும். இங்கே பள்ளிக்கூடமும் கொட்டகையும் அதே நான்கு மீட்டர். எல்லாம் ஒரே அளவில் நகர்ந்திருந்தால் நகர்ந்தது வீடுகள் ஆகாது, அவற்றுக்கு அடியில் விரித்திருந்த படம்தான். ஒரு நிமிடம் யோசித்திருந்தால் போதும். அன்று என் வரிசையில் இன்னும் இருபது கட்டங்கள் காத்திருந்தன.

அவருடைய பதில்

மூன்று நாள் கழித்து ஆறு கட்டங்களும் மறுபடி முடிந்ததாக வந்தன. கூடவே ஒரு செய்தி:

“வணக்கம். ஆறையும் திரும்பச் செய்துவிட்டேன். ஆனால் முதலிலும் அடித்தளத்தைத்தான் வரைந்தேன் என்று நினைக்கிறேன். என் திரையில் படத்தோடு சரியாகப் பொருந்தியிருந்தது. நீங்கள் சொன்னதால் ஒவ்வொரு வீட்டையும் சுவர் எந்தப் பக்கம் இருக்கும் என்று ஊகித்து நகர்த்தியிருக்கிறேன். நான் எதைத் தவறாகப் பார்க்கிறேன் என்று ஒரு வீட்டிலாவது காட்ட முடியுமா?”

“என் திரையில்” என்ற இடத்தில் நின்றேன். அவர் திரையில் என்ன இருக்கிறது என்று நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

ஒருமுறை சேமிக்கும்போது ஒன்றாக மேலேறும் திருத்தங்களை மாற்றத்தொகுப்பு என்கிறோம். ஒவ்வொரு மாற்றத்தொகுப்போடும் சில குறிப்புகள் சேர்ந்து பதிவாகும்: எந்த எடிட்டர், எந்த மொழி, வரைபவர் எழுதிய விளக்கம். ஐடி எடிட்டர் இன்னொன்றையும் தானாகக் குறித்து வைக்கிறது: எந்தப் பின்னணிப் படத்தைப் பார்த்து வரையப்பட்டது என்பதை. அவருடைய தொகுப்பைத் திறந்து அந்த வரியைப் படித்தேன். திட்டத்துக்காக நாங்கள் தேர்ந்தெடுத்திருந்த படத்தின் பெயர் அதில் இல்லை. வேறொரு படத்தின் பெயர் இருந்தது. முதல் நாள் தொகுப்பு ஒன்றைத் தவிர மற்ற எல்லாத் தொகுப்புகளிலும் அதே பெயர்தான்.

விசாரித்தபோது விஷயம் எளிது. முதல் நாள் டாஸ்கிங் மேனேஜரிலிருந்து எடிட்டரைத் திறந்திருக்கிறார். அப்போது திட்டத்தின் படம் தானாக வந்திருக்கிறது. நடுவில் உலாவித் தாவல் மூடிக்கொண்டது. மறுநாளிலிருந்து ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தளத்தின் முகப்பிலிருந்தே எடிட்டரைத் திறந்து, டாஸ்கிங் மேனேஜரை இன்னொரு தாவலில் வைத்துக் கட்டத்தின் எல்லையைக் கண்ணால் ஒப்பிட்டு வரைந்து வந்திருக்கிறார். அப்படித் திறந்தால் எங்கள் படம் வராது, எடிட்டர் தானாகக் காட்டும் படம்தான் வரும். இரண்டு படங்களும் ஒன்றுக்கொன்று நான்கு மீட்டர் விலகியிருந்தன. வெவ்வேறு நிறுவனங்கள் வெவ்வேறு காலத்தில் எடுத்த படங்கள் இப்படிப் பிசகுவது சாதாரணம். மேடு பள்ளமான நிலத்தில் ஒரே படத்துக்குள்ளேயே இடத்துக்கு இடம் பிசகு மாறும்.

எந்தப் படம் சரி என்ற கேள்விக்கும் என்னிடம் விடை இல்லை. திட்டத்தின் படம் என்பதாலேயே அது சரியாகிவிடாது. அந்தப் பகுதியின் பெரிய சாலையில் சிலர் ஜிபிஎஸ் கருவியோடு போய்ப் பதிவேற்றிய தடங்கள் பொதுவில் கிடைத்தன. அவற்றை மேலே விரித்துப் பார்த்தேன். நல்லவேளையாகத் தடங்களின் கற்றை எங்கள் படத்தின் சாலை மீதே படிந்தது. திட்டம் தொடங்குவதற்கு முன்பே செய்திருக்க வேண்டிய இந்தச் சோதனையை, வந்து இரண்டு வாரமான ஒருவர் கேட்ட கேள்விக்காகச் செய்தேன்.

கெட்ட செய்தி இனிமேல்தான். முதலில் வரைந்த நூற்றைம்பது கட்டடங்களும் ஒரே திசையில் ஒரே அளவு விலகியிருந்தன. மொத்தமாகத் தேர்ந்தெடுத்து ஒரே இழுப்பில் சரியான இடத்துக்குக் கொண்டுவந்திருக்கலாம். என் குறிப்பைப் படித்துவிட்டு அவர் அவற்றை வீட்டுக்கு வீடு வெவ்வேறு பக்கம் நகர்த்தியிருந்தார். ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து, என் பேச்சைக் கேட்டு, தரவை முன்பைவிட மோசமாக்கியிருந்தார்.

எடுத்த முடிவுகள்

மூன்று வழிகள் இருந்தன. நூற்றைம்பது வீடுகளையும் நானே ஒவ்வொன்றாகச் சரிசெய்யலாம். முதல் வாரத்தின் பழக்கம் அதுதான் சொன்னது. அவரையே மூன்றாம் முறை செய்யச் சொல்லலாம். அதற்கு எனக்கு முகமில்லை. இரண்டாம் சுற்றுத் தொகுப்புகளை மட்டும் பின்வாங்கி, கட்டடங்களை முதல் சுற்று நிலைக்குத் திருப்பி, பிறகு மொத்தமாக நகர்த்தலாம். மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தேன். ஆனால் அவரைக் கேட்காமல் செய்யக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தேன்.

காரணம், ‘பின்வாங்குதல்’ என்பது எங்களுக்கு அன்றாடக் கருவி. புதியவருக்கு அது தன் உழைப்பை யாரோ குப்பையில் போட்டதாகத் தெரியும். பெரும்பாலும் விஷமத் திருத்தங்களுக்குத்தான் அதைப் பயன்படுத்துகிறோம் என்பதால் அந்தச் சொல்லுக்கே ஒரு கறை உண்டு. எனவே எழுதுவதை விட்டுவிட்டு நேரடியாகப் பேசக் கேட்டேன். அரை மணி நேரம் திரையைப் பகிர்ந்துகொண்டோம்.

முதலில் சொன்னது: “நான் சொன்னது தவறு. நீங்கள் முதலில் வரைந்ததுதான் உங்கள் படத்துக்குச் சரி.” பிறகு இரண்டு படங்களையும் மாற்றி மாற்றிக் காட்டினேன். படம் மாறும்போது ஊர் முழுவதும் ஒரு எட்டு எடுத்து வைப்பது போல் தெரியும். அவர் அதை நான்கைந்து முறை மாற்றிப் பார்க்கச் சொன்னார். ஒரு கட்டடத்தின் வரலாற்றைத் திறந்து, முதல் பதிப்பு, இரண்டாம் பதிப்பு என்று வரிசையாக இருப்பதையும், பின்வாங்கினால் எதுவும் அழியாமல் மூன்றாம் பதிப்பு ஒன்று சேரும் என்பதையும் காட்டினேன். அவர் சம்மதித்த பிறகே பின்வாங்கினேன்.

அடுத்து ஜோசமில் அவர் வரைந்த கட்டடங்களை மட்டும் தேடித் தேர்ந்தெடுத்தேன். மற்றவர்களின் பாதைகள் கூடவே நகர்ந்துவிடக் கூடாதே. ஒரு கிணற்றடி மூலையைக் குறியாக வைத்து இழுத்தேன். உடனே எச்சரிக்கைப் பெட்டி வந்தது: இத்தனை பொருள்களை நகர்த்துகிறீர்கள், இது பெரும்பாலும் தவறாகத்தான் இருக்கும், உண்மையிலேயே நகர்த்த வேண்டுமா என்ற கேள்வியோடு. அதைப் படித்துவிட்டு அவர் சிரித்தார். “உங்களையும் அது நம்பவில்லை போலிருக்கிறதே” என்றார். அந்தச் சிரிப்புக்குப் பிறகுதான் அவர் சாதாரணமாகக் கேள்வி கேட்க ஆரம்பித்தார். அன்று கேட்ட பத்துக் கேள்விகளில் ஏழெட்டு, எங்கள் அறிமுக வகுப்பில் சொல்லியிருக்க வேண்டியவை.

அந்த வாரமே சரிபார்ப்பவர்கள் மூவரும் பேசினோம். புதியவர் தன் முதல் கட்டத்தை முடித்ததும், இரண்டாவதை எடுப்பதற்கு முன்பே, ஒரு நாளுக்குள் யாராவது பார்த்துப் பதில் எழுத வேண்டும் என்றேன். ஒரு கட்டத்தில் உள்ள பிழை ஒரு கட்டத்தோடு போகும். பத்துக் கட்டத்துக்குப் பரவினால் அது பழக்கமாகிவிடும். எங்களில் ஒருவர் ஒப்புக்கொள்ளவில்லை. “நாம் வரைபடம் போட வந்தோமா, பள்ளிக்கூடம் நடத்த வந்தோமா?” என்று கேட்டார். மழைக்காலம் நெருங்குகிறது, சரிபார்க்காத கட்டங்கள் குவிகின்றன என்ற அவருடைய கவலை நியாயமானது; அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. கடைசியில் பழகியவர்களின் கட்டங்களை அவர் எடுத்துக்கொள்வது, புதியவர்களின் கட்டங்களை மற்ற இருவரும் பார்ப்பது என்று பிரித்துக்கொண்டோம். குவியல் அதனால் கொஞ்சம் கூடியது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

எழுதும் விதத்தையும் மாற்றினேன். உதாரணத்துக்கு, வேறொரு புதியவருக்கு அதற்குப் பின் அனுப்பிய குறிப்பு ஒன்று:

“வணக்கம். ஆற்றோரம் இருக்கும் சின்னச் சின்னக் கொட்டகைகளையும் விடாமல் வரைந்திருக்கிறீர்கள். வெள்ளத்தில் முதலில் போவது அவைதான் என்பதால் அது முக்கியம். தெற்கு மூலையில் உள்ள நீள வீட்டின் ஒரு புள்ளி பாதையோடு ஒட்டியிருக்கிறது. அதன் இணைப்பைக் கீழே தந்திருக்கிறேன். அந்தப் புள்ளியைத் தேர்ந்தெடுத்து டி விசையை அழுத்தினால் பிரிந்துவிடும், பிறகு கொஞ்சம் தள்ளி வையுங்கள். இதே போல் இன்னும் மூன்று வீடுகள் உண்டு, அவற்றை உங்களுக்கே விட்டுவைத்திருக்கிறேன். பள்ளத்தைத் தாண்டிப் போகும் கோட்டை நீங்கள் வண்டிப்பாதை என்று குறித்திருக்கிறீர்கள். எனக்கு அது நடைபாதை போலத் தெரிகிறது. எதை வைத்து அப்படி முடிவு செய்தீர்கள்?”

கடைசிக் கேள்வி மரியாதைக்காகச் சேர்த்தது அல்ல. விலகிய கட்டடங்களுக்குப் பிறகு, எனக்கு நூறு சதவீதம் தெரியாததைக் கேள்வியாகவே எழுதுவது என்று வைத்துக்கொண்டேன். இந்தக் குறிப்புக்கு வந்த பதில்: “பழைய படத்தில் அதன் மீது ஒரு டிராக்டர் நிற்கிறது.” பார்த்தேன். நின்றது.

முதல் கட்டத்தில் எத்தனை பிழை இருந்தாலும் ஒன்றை மட்டும், அதிகம் போனால் இரண்டை மட்டும் சொல்வது என்பதும் அப்போது பிடித்த பழக்கம். மற்றவற்றை நானே திருத்துகிறேன். ஆனால் திருத்தினேன் என்று ஒரு வரி எழுதிவிடுகிறேன்.

எங்கே எழுதுவது என்பதில் கொஞ்சம் தடுமாறினோம். மாற்றத்தொகுப்பின் கீழ் எழுதும் கருத்து எல்லோருக்கும் தெரியும். எழுதியவரே நினைத்தாலும் பிறகு அதைத் திருத்த முடியாது. தரவு ஏன் மாறியது என்று பின்னால் வருபவர்கள் தெரிந்துகொள்ள அந்தப் பதிவு வேண்டும். ஆனால் ஒருவரின் முதல் வாரப் பிழை காலத்துக்கும் அவர் பெயருக்குக் கீழே தொங்கவும் வேண்டாம். அதனால் இடம், படம், குறிச்சொல் பற்றிய செய்தி பொதுவில். வேலை செய்யும் விதம் பற்றிய பேச்சு தனிச் செய்தியில். எனது தவறான மூன்று வரி ஆறு கட்டங்களின் வரலாற்றிலும் இன்றும் அப்படியே இருக்கிறது. அதன் கீழே “மேலே நான் சொன்னது தவறு, காரணம் பின்னணிப் படம்” என்று எழுதி வைத்திருக்கிறேன்.

பின்னர் நடந்தவை

புதியவர் தொடர்ந்தார். திட்டத்தின் வழிமுறைப் பக்கத்தில் முதல் பத்தியை அவரே எழுதிக் கொடுத்தார்: எடிட்டரை எங்கிருந்து திறக்க வேண்டும், பின்னணிப் படத்தின் பெயரை எங்கே பார்க்க வேண்டும், முன்பே வரைந்த பாதை படத்தின் பாதை மீது படிகிறதா என்று எப்படிப் பார்ப்பது. நான் எழுதியிருந்த பழைய பத்தியைவிட அது தெளிவாக இருந்தது. அந்தப் பக்கத்தில் எதில் தடுக்கி விழலாம் என்பது அவருக்குத்தான் தெரியும். மூன்றாம் மாதத்தில், வேறு இரு புதியவர்களின் முதல் கட்டங்களை அவர் பார்க்க ஆரம்பித்தார். முத்திரையிடும் வேலையை நானும், குறிப்பு எழுதும் வேலையை அவரும் என்று பகிர்ந்துகொண்டோம்.

அந்தப் பத்தி வந்த பிறகு மற்றவர்களின் பழைய தொகுப்புகளையும் படத்தின் பெயரை வைத்துத் தேடினோம். இன்னும் இரண்டு பேர் வேறு படத்தில் வரைந்திருந்தார்கள். அவர்கள் வரைந்தது குறைவு, விலகலும் குறைவு என்பதால் யார் கண்ணிலும் படவில்லை.

மழைக்காலத்துக்கு முன் வேலை முழுதாக முடியவில்லை. ஆற்றை ஒட்டிய கட்டங்களை முன்னுக்குக் கொண்டுவந்து அவற்றை மட்டும் முடித்துக் கொடுத்தோம்.

மூலைகள் நேராக இல்லை என்று நான் எழுதிய அந்த இரண்டாமவர் திரும்பி வரவில்லை. இரண்டு வாரம் கழித்துத்தான் அது எனக்குத் தெரிந்தது. அதுவரை அவரை நினைக்கவே இல்லை. அவருடைய கணக்கில் இருந்தது ஒரே மாற்றத்தொகுப்பு, இருபத்திரண்டு வீடுகள். மூலைகள் கோணல்தான், அதில் பொய்யில்லை. க்யூ விசையை அழுத்தினால் நேராகிவிடும் என்று ஒரு வரி எழுதியிருந்தால் இரண்டு நிமிட வேலை.

அந்தத் தொகுப்பின் குறிப்புகளைப் படிக்கும்போது இன்னொன்றும் கண்ணில் பட்டது. ஐடி எடிட்டரில் சேமிக்கும் பலகையில் ஒரு சின்னப் பெட்டி உண்டு: என் திருத்தங்களை யாராவது பார்த்துச் சொன்னால் நன்றாயிருக்கும் என்ற பொருளில். வேண்டுமென்றால் அதில் குறியிடலாம். பெரும்பாலோர் கவனிப்பதே இல்லை. அவர் குறியிட்டிருந்தார்.

மன்னிப்புக் கேட்டு, விசையின் பெயரையும் சொல்லி, தனிச் செய்தி அனுப்பினேன். பதில் வரவில்லை.

மாற்றிச் செய்ய வேண்டியவை

திட்டம் தொடங்கும் முன் பின்னணிப் படத்தை ஜிபிஎஸ் தடங்களோடு ஒப்பிட்டுப் பார்த்து, அதன் முடிவை வழிமுறையில் எழுதி வைக்க வேண்டும். இது வழிகாட்டுதல் சம்பந்தப்பட்டதா என்று சிலர் கேட்கலாம். புதியவரின் பிழை என்று நான் எண்ணியது எங்கள் ஏற்பாட்டின் ஓட்டை. அதை அடைக்காமல் எவ்வளவு இனிமையாகப் பேசியும் பயனில்லை.

ஒரே பிழை ஒருவரிடம் மூன்று முறை வந்தால், நான்காவதைத் திருத்துவதற்கு முன் அவருடைய திரையைக் காட்டச் சொல்ல வேண்டும். நான் வரைபவரின் விளைவை மட்டுமே பார்க்கிறேன், அதுவும் என் எடிட்டரில், என் படத்தின் மீது வைத்து. அவர் எதைப் பார்த்து வரைந்தார் என்பதை மாற்றத்தொகுப்பின் குறிப்புகள் ஓரளவு சொல்லும். மிச்சத்தை அவர்தான் சொல்ல வேண்டும்.

கட்டத்தைத் திருப்பி அனுப்புவது என்ற பொத்தானைப் புதியவர்களின் முதல் சில கட்டங்களுக்கு இப்போது அழுத்துவதில்லை. முதலில் பேசுகிறோம், அவர் திருத்திய பிறகு முத்திரையிடுகிறோம். கட்டம் அதுவரை பாதி நிறத்தில் கிடக்கும். திட்டத்தின் முன்னேற்றக் கோடு மெதுவாக நகரும். கேட்பவர்களுக்கு விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒத்த வாசகத்தை ஆறு இடத்தில் ஒட்டும் பழக்கத்தை விட்டுவிட்டேன். ஆறு கட்டத்திலும் ஒரே பிழை என்றால் சொல்ல வேண்டியது ஒருமுறைதான், அதுவும் ஆளிடம்.

இன்னும் தீராத ஒன்று உண்டு. கேள்வி கேட்டவரால்தான் என் தவறு வெளிப்பட்டது. அவர் எல்லாவற்றையும் திரும்பச் செய்துவிட்டுத்தான் கேட்டார். அதற்கு முன் கேட்கத் தயங்கியதாகப் பிறகு சொன்னார். கேட்காமல் போனவர்கள் பன்னிரண்டு பேரில் எத்தனை பேர், எந்தக் குறிப்பைப் படித்துவிட்டுப் போனார்கள் என்பதைக் கண்டறிய எங்களிடம் வழி இருக்கவில்லை. இப்போது ஒவ்வொரு திங்கட்கிழமையும், முந்தைய வாரம் முதல் கட்டத்தோடு நின்றுவிட்டவர்களின் பட்டியலை எடுத்து, அவர்களுக்கு நாங்கள் எழுதியதைத் திரும்பப் படிக்கிறோம். பார்வை கேட்டுப் பெட்டியில் குறியிட்டவர்களின் தொகுப்புகள் வரிசையில் முன்னால் வருகின்றன.